திருமண வேலையை மறுக்கும் உரிமை எதுவரை?

தோவாளைப் பூச்சந்தையில் விடியுமுன் கட்டப்படுகிற மாலை கோவிலுக்குப் போகிறதா, வேதக்கோவிலுக்குப் போகிறதா, நிக்காஹ் வீட்டுக்குப் போகிறதா என்று கட்டுகிறவர் விசாரிப்பதில்லை. எத்தனை முழம், என்ன பூ, எத்தனை மணிக்கு வேண்டும் என்பவைதாம் அங்கே கேள்விகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்கள் ஏறத்தாழ 49 விழுக்காடு, கிறித்தவர்கள் ஏறத்தாழ 47 விழுக்காடு, இசுலாமியர் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இப்படிப்பட்ட ஊரில் ஒரு மதத்தாரின் திருமணத்துக்கு மட்டுமே வேலை செய்வேன் என்று கிளம்பும் பந்தல்காரர் தம் தொழிலில் பாதியைத் தாமே வெட்டிக்கொண்டவர் ஆவார்.

ஆகவே மதத்தைக் காட்டித் திருமண வேலையை மறுக்கலாமா என்ற கேள்வி நம்மிடையே உரக்க எழுவது குறைவு. ஆனால் அமெரிக்காவில் ஒரு கேக் கடைக்காரர் வழக்கில் வென்றார் என்ற செய்தி வந்ததிலிருந்து, கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இரண்டு முடிவுகள் உறுதியாகச் சொல்லப்படுவதைக் கேட்கிறேன். மத நம்பிக்கை இருந்தால் யாருக்கு வேண்டுமானாலும் வேலை செய்ய மறுக்கலாம் என்பது ஒன்று. கடை திறந்தவர் வந்தவர் கேட்டதையெல்லாம் செய்துதான் தீர வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. எந்த நாட்டுச் சட்டமும் இவ்வளவு எளிதாக முடிவு செய்துவிடவில்லை.

சமையல்காரரும் ஆட்டுக்கறியும்

சைவச் சமையல் மட்டும் செய்யும் ஒரு சமையல்காரரை எடுத்துக்கொள்வோம். அவியல், ஓலன், பருப்பு, சக்கைப் பிரதமன், அதனுடன் மட்டிப்பழம் என்று இலை நிறையப் பரிமாறுவார். இறைச்சியை மட்டும் தொட மாட்டார். கருங்கல் என்ற ஊரிலிருந்து ஒரு குடும்பத்தார் வந்து ஆட்டுக்கறிப் பிரியாணி கேட்கிறார்கள். முடியாது என்கிறார். இதில் குற்றம் ஏதுமில்லை. இந்து வீட்டார் கேட்டாலும், கிறித்தவ வீட்டார் கேட்டாலும், அவருடைய சொந்த மைத்துனர் கேட்டாலும் அதே பதில்தான் வரும். அவர் மறுப்பது ஒரு வேலையை.

அதே சமையல்காரரிடம் வேறொரு வீட்டார் சைவ விருந்தே கேட்கிறார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு, அந்தத் தெருவுக்கு வருவதில்லை என்கிறார். இப்போது அவர் மறுப்பது வேலையை அன்று, மனிதரை. நேற்று இன்னொருவருக்குச் செய்த அதே அவியலை இன்று இவருக்குச் செய்ய மறுக்கிறார். சட்டம் இதைத்தான் பாகுபாடு என்கிறது: ஒருவர் பிறருக்கு வழக்கமாக அளிக்கும் பொருளையோ சேவையையோ, கேட்பவர் இன்ன மதத்தவர், இன்ன சாதியினர், இன்ன பாலினத்தவர் என்ற காரணத்துக்காக மட்டும் தர மறுப்பது அல்லது தாழ்த்தித் தருவது. இவ்வாறு காரணமாக்கக் கூடாது என்று சட்டம் பட்டியலிட்டு வைத்திருக்கும் அடையாளங்களைக் காப்புப் பெற்ற அடையாளங்கள் என்று குறிப்பிடுவோம். முன்பணம் தராதவர், போன முறை நாற்காலியை உடைத்தவர் ஆகியோருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அவர்களைத் தாராளமாக மறுக்கலாம்.

இவ்வளவு தெளிவாகப் பிரியாத இடமும் உண்டு. எனக்கு இசுலாமியர்மேல் எந்த வெறுப்பும் இல்லை, பிறந்தநாள் விருந்துக்குக் கூப்பிட்டால் வருவேன், நிக்காஹ் விருந்துக்கு மட்டும் வர மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அது வேலையை மறுப்பதா, மனிதரை மறுப்பதா? நிக்காஹ் செய்பவர்கள் இசுலாமியர் மட்டுமே. அந்தச் சடங்கை மறுப்பதும் அந்த மனிதரை மறுப்பதும் நடைமுறையில் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. உலகின் பெரிய வழக்குகள் பலவும் இந்த முட்டுச்சந்தில்தான் பிறந்திருக்கின்றன.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: எல்லாருக்கும் மறுக்கும் வேலையைச் சிலருக்கும் மறுப்பது தொழிலின் வரையறை. எல்லாருக்கும் செய்யும் வேலையைச் சிலருக்கு அவர்களின் அடையாளத்தால் மறுப்பது பாகுபாடு. ஒரு பிரிவினர் மட்டுமே கேட்கக்கூடிய வேலையை மறுப்பது சிக்கலான நடுப்பகுதி.

மறுப்பவர் யார்?

ஒரே திருமணத்தில் போதகர், மண்டபக்காரர், சார்பதிவாளர் ஆகிய மூவரும் வருகிறார்கள். மூவரும் முடியாது என்றால் சட்டம் மூன்று விதமாகப் பதில் சொல்லும். இதைப் பிரித்துப் பார்க்காததே குழப்பத்தின் பாதி.

போதகர், பங்குத்தந்தை, ஜமாஅத், கோவில் அர்ச்சகர் ஆகியோர் நடத்துவது வழிபாடு. மணமக்களில் ஒருவர் திருமுழுக்குப் பெறாதவர் என்பதாலோ, முந்தைய மணமுறிவைச் சபை ஏற்கவில்லை என்பதாலோ ஒரு சபை ஓலை வாசிக்க, அதாவது திருமண அறிவிப்பைச் சபையில் படிக்க, மறுத்தால், அதை ஒரு கடைக்காரரின் மறுப்புப் போலச் சட்டம் பார்ப்பதில்லை. நம் அரசியலமைப்பின் 26ஆவது உறுப்பு, ஒவ்வொரு சமயப் பிரிவும் சமய விவகாரங்களைத் தானே நிருவகித்துக்கொள்ளும் உரிமையை அளிக்கிறது. இங்கிலாந்தில் 2013இல் ஒருபாலினத் திருமணச் சட்டம் இயற்றியபோதும், எந்தச் சபையையும் அத்தகைய திருமணத்தை நடத்தும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்.

சார்பதிவாளர் இதற்கு நேர் எதிர். அவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பது அரசு. அரசுக்கு மனச்சான்று கிடையாது, விதிமட்டுமே உண்டு. தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கை ஒருவரும் கோவிலில் மணந்துகொண்டபின் அதைப் பதிவுசெய்ய அதிகாரிகள் மறுத்த வழக்கில், இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்துப் பதிவுசெய்ய உத்தரவிட்டது. வெவ்வேறு மதத்தவரான இருவரைக் கோவிலும் சபையும் ஒருசேரக் கைவிட்டாலும், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, மூன்று சாட்சிகள் முன்னிலையில் அவர்கள் மணந்துகொள்ளலாம். அந்த முன்னறிவிப்பைப் பலகையில் ஒட்டுவது எத்தனை வீடுகளில் புயலைக் கிளப்பியிருக்கிறது என்பது தனிக் கதை.

நடுவில் நிற்பவர்தான் மண்டபக்காரர். அவரோடு பூக்காரர், சமையல்காரர், வீடியோ எடுப்பவர், அழைப்பிதழ் அச்சிடுபவர், பேண்டு வாத்தியக் குழுவினர். இவர்கள் குருக்களும் அல்லர், அரசும் அல்லர். வழக்குகள் பெரும்பாலும் இவர்களைச் சுற்றியே எழுகின்றன.

கடை என்ற சொல் எவ்வளவு அகலம்?

நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசைக் கட்டுப்படுத்துபவை. தனி மனிதரையும் நேரடியாகக் கட்டுப்படுத்துபவை சில மட்டுமே. அவற்றுள் ஒன்று 15ஆவது உறுப்பின் இரண்டாம் பகுதி. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் என்ற காரணங்களால் மட்டும் எந்தக் குடிமகனையும் கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றுக்குள் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது அது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்ட கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றுக்கும் அதே விதி.

கிணறு, குளம், சாலை என்று இந்தப் பட்டியலை வாசிக்கும்போது குமரி மாவட்டத்தாருக்குத் தம் பாட்டன் காலத்து வரலாறு நினைவுக்கு வராமல் இராது. இந்த மண் முதலில் திருவிதாங்கூரோடும், 1949 முதல் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் சேர்ந்திருந்தது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாரும் சேர்ந்து நீர் எடுக்க முத்திரிக்கிணறு அமைத்தது, எல்லாக் கிணறும் எல்லாருக்கும் இல்லாத காலத்தில். சுசீந்திரம் கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. கோவில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12இல். சேவையை மறுத்தல் என்பது எங்கோ அமெரிக்காவின் கொலராடோவில் கண்டுபிடிக்கப்பட்ட சிக்கல் என்று இங்கே யாராவது சொன்னால் எனக்குச் சற்று எரிச்சலே வரும்.

கடை என்றால் பெட்டிக்கடை மட்டுமா, வழக்கறிஞரின் அறை, சலவைக்காரரின் இடம், முடிதிருத்தும் நிலையம் எல்லாம் சேருமா என்ற கேள்வி அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. 1948 நவம்பர் 29 அன்று அம்பேத்கர் அளித்த பதிலின் சாரம்: சேவையை நாடி வருகிற எவருக்கும் அதை அளிக்க உரிமையாளர் ஆயத்தமாக இருக்கும் இடமே கடை. இந்தப் பரந்த பொருளை உச்ச நீதிமன்றம் 2011இல் ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கில் எடுத்தாண்டு, தனியார் கல்வி நிறுவனம்கூட அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்றது. கல்லூரியே கடை என்றால், திருமணங்களுக்கு வாடகைக்கு விடப்படும் என்று பலகை மாட்டிய ஆடிட்டோரியம் எப்படித் தப்பும்?

மத உரிமைக்கு உள்ள வேலி

அப்படியானால் மண்டபக்காரரின் நம்பிக்கைக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 25ஆவது உறுப்பு மனச்சான்றுரிமையையும், மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையையும் எல்லாருக்கும் தருகிறது. ஆனால் பொது ஒழுங்கு, அறநெறி, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கும், அடிப்படை உரிமைகள் பகுதியின் ஏனைய விதிகளுக்கும் உட்பட்டே அது தரப்படுகிறது. 15ஆவது உறுப்பும் அந்த ஏனைய விதிகளுள் ஒன்று. மதத்தோடு ஒட்டியிருக்கும் பொருளாதார நடவடிக்கைகளை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்றும் 25ஆவது உறுப்பே சொல்கிறது. பூசை செய்வது மதம். பூசைக்குப் பூ விற்பது வணிகம்.

அமெரிக்காவும் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தது. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் உணவகங்களிலும் விடுதிகளிலும் இனப்பாகுபாட்டைத் தடைசெய்தபோது, தென் கரோலினாவில் ஓர் இறைச்சி உணவகக்காரர், கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் ஒன்றாகப் பரிமாறுவது தம் மத நம்பிக்கைக்கு எதிரானது என்று வாதாடினார். 1968இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைப் பொருட்படுத்தத் தகாதது என்று தள்ளியது. அவருடைய நம்பிக்கை பொய் என்று நீதிமன்றம் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம்பிக்கை உண்மையானதாக இருக்கலாம். பொதுச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற அது மட்டும் போதாது.

கேக் வழக்குகள் உண்மையில் சொன்னது

இனி எல்லாரும் பேசும் வழக்கு. 2012இல் கொலராடோ மாநிலத்தில் இரண்டு ஆண்கள் தங்கள் திருமண விருந்துக்குக் கேக் கேட்டார்கள். கடைக்காரர் தம் கிறித்தவ நம்பிக்கையைக் காட்டி மறுத்தார். பிறந்தநாள் கேக்கோ பிஸ்கட்டோ வேண்டுமானால் தருகிறேன் என்றார். மாநிலக் குடிமை உரிமைகள் ஆணையம் அவருக்கு எதிராக முடிவெடுத்தது. 2018 ஜூன் 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் கடைக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது.

ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆணையத்தின் உறுப்பினர்கள் விசாரணையின்போது அவருடைய மத நம்பிக்கையை இழிவாகப் பேசியிருந்தார்கள். ஒருபாலினத் திருமணத்தை இகழும் வாசகத்தைக் கேக்கில் எழுத மறுத்த வேறு கடைக்காரர்களை அதே ஆணையம் விட்டுவிட்டிருந்தது. நடுவராக இருக்க வேண்டியவர் ஒரு பக்கம் சாய்ந்தார் என்பதால் ஆணையத்தின் முடிவு கவிழ்ந்தது. நம்பிக்கையின் பெயரால் வாடிக்கையாளரை மறுக்கலாமா என்ற பெரிய கேள்விக்கு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு விடை கொடுக்கவில்லை. நம் கபடிப் போட்டியில் நடுவர் ஒருதலைப்பட்சமாக நடந்தார் என்று ஆட்டம் ரத்தானால், யார் வலியவர் என்பது அங்கே தீர்மானமாவதில்லை அல்லவா?

அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வட அயர்லாந்து வழக்கு ஒன்றை முடித்தது. அங்கே வாடிக்கையாளர் கேட்டது, ஒருபாலினத் திருமணத்தை ஆதரியுங்கள் என்று எழுதிய கேக். விலை 36.50 பவுண்டு. கடைக்காரர் எழுத மறுத்தார். நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்ன காரணம், அவர் மறுத்தது வாசகத்தை, மனிதரை அன்று. எந்த வாடிக்கையாளர் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பார் என்பது. ஆனால் அதே நீதிமன்றம் 2013இல், கார்ன்வாலில் விடுதி நடத்திய கிறித்தவத் தம்பதியர் இரண்டு ஆண்களுக்கு இருவர் படுக்கையறை தர மறுத்தது சட்டவிரோதம் என்றிருந்தது. அறையில் வாசகம் ஏதுமில்லை. அறை வெறும் அறைதான்.

தக்கலைப் பக்கம் ஓர் அச்சகம் இருப்பதாகக் கொண்டால் இது விளங்கும். வேற்று மதத்தாரின் திருமண அழைப்பிதழில் பெயர், நாள், மண்டபம் ஆகியவற்றை அச்சிட மறுப்பது மனிதரை மறுப்பதற்கு மிக நெருக்கமானது. அச்சகத்தாரின் மதத்தை விட்டு எல்லாரும் வெளியேறி வாருங்கள் என்று ஒரு துண்டறிக்கையை அச்சிடச் சொன்னால் மறுப்பது வேறு. ஒருவர் ஏற்காத கருத்தை அவர் கையாலேயே சொல்லவைப்பதைக் கட்டாயப் பேச்சு என்பார்கள்; பேச்சுரிமையில் பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கும் என்பது இதன் அடிப்படை.

2023 ஜூன் 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓர் இணையதள வடிவமைப்பாளருக்குச் சாதகமாக 6க்கு 3 என்று தீர்ப்பளித்ததும் பேச்சுரிமையின் பெயரால்தான். மத உரிமையின் பெயரால் அன்று. எல்லா வகை வாடிக்கையாளருக்கும் அவர் வேலை செய்வார், தாம் ஏற்காத செய்தியைச் சொல்லும் தளத்தை மட்டும் உருவாக்க மாட்டார் என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டிருந்தன. மாறாக, நியூ மெக்சிகோ மாநில உச்ச நீதிமன்றம் 2013இல் ஒரு திருமணப் புகைப்பட நிறுவனத்தின் இதே போன்ற வாதத்தை ஏற்கவில்லை. நியூயார்க் மாநிலத்தில் தம் பண்ணையைத் திருமணங்களுக்கு வாடகைக்கு விட்டவர்கள் இரண்டு பெண்களின் திருமணத்தை மறுத்ததற்கு விதிக்கப்பட்ட 10,000 டாலர் அபராதமும், மணமக்களுக்கான இழப்பீடும் 2016இல் மேல்முறையீட்டில் உறுதியாயின.

கலைஞரின் குரல் வேலைக்குள் எவ்வளவு கலந்திருக்கிறதோ அவ்வளவுக்கு மறுப்புக்கு இடம் கூடுகிறது. நாற்காலி, பாத்திரம், மண்டபம் என்று வரும்போது அந்த இடம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. கேக்கும் புகைப்படமும் இடையில் நிற்பதால்தான் நீதிபதிகளே பிரிந்து நிற்கிறார்கள். என் கருத்தில் வாசகம் எழுதாத கேக்கு வெறும் பண்டம்தான். இதற்கு மாறாக நினைக்கும் நேர்மையான சட்டவல்லுநர்களும் உண்டு.

நம் நாட்டில் தண்டனைக்குரிய மறுப்புகள்

அமெரிக்க வழக்குகளை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஒருபாலினத் திருமணத்துக்கு இங்கே சட்ட அங்கீகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பளித்தது. எல்லா வகைப் பாகுபாட்டையும் தனியார் தொழிலில் தடுக்கும் ஒரே பொதுச் சட்டமும் நம்மிடம் இல்லை. துண்டுதுண்டாகச் சில சட்டங்கள் உள்ளன. அவற்றுள் கூர்மையானவை சாதி பற்றியவை.

1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தீண்டாமையின் காரணமாக ஒருவருக்குப் பொருள் விற்கவோ சேவை செய்யவோ, பிறருக்குச் செய்யும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளில் மறுப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, கூடவே அபராதம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், மறுப்பு தீண்டாமையால்தான் நடந்தது என்று நீதிமன்றம் முதலில் கருதிக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டியவர் மறுத்தவர். மண்டபம் அன்று காலி இல்லை என்ற வழக்கமான சாக்கு இந்த இடத்தில் பதிவேட்டைத் திறந்து காட்டவேண்டிய நிலைக்கு வந்துவிடும். பட்டியல் சாதியினரின் திருமண ஊர்வலத்தைத் தடுப்பதும், மணமக்கள் குதிரையிலோ வாகனத்திலோ வருவதைத் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றங்கள். திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும், பொதுமக்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பொருளையோ சேவையையோ மறுக்கக் கூடாது என்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு.

மதத்தின் பெயரால் மட்டும் மறுக்கப்பட்டவருக்கு இவ்வளவு நேரடியான குற்றப்பிரிவு இல்லை. 15ஆவது உறுப்பைக் காட்டி உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கேட்பதே அவருக்குரிய வழி. முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நாள் என்ற நிலையில் மதுரைக்கு ஓட எந்த வீட்டாருக்குப் பொழுது இருக்கும் என்பது நியாயமான கேள்வி.

சமுதாய மண்டபங்கள்

நம் மாவட்டத்தில் மண்டபங்கள் பல தனியாருடையவை அல்ல. சில ஊர்ச் சமுதாயத்துக்கும், சில பங்குப் பேரவைக்கும், சில ஜமாஅத்துக்கும், சில கோவிலுக்கும் உரியவை. சபை மண்டபத்தில் மதுவும் புகையும் கூடாது, கோவில் மண்டபத்தில் அசைவம் கூடாது என்பன சமையல்காரரின் ஆட்டுக்கறி போன்ற விதிகள். எல்லாருக்கும் ஒன்றுபோல் நடைமுறைப்படுத்தினால் கேள்வி எழாது. சிலருக்கு மட்டும் நினைவுக்கு வரும் விதி என்றால் அது விதியல்ல, சாக்கு.

உறுப்பினர் குடும்பங்களுக்கு மட்டும் என்று உண்மையாகவே வைத்திருக்கும் மண்டபத்தின் நிலை வேறு. 2005இல் குஜராத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், ஒரு சங்கம் தன் உறுப்பினர் தகுதியைத் தன் சமுதாயத்தாருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம் என உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் சாலையோரம் பலகை வைத்து, கூடுதல் வாடகைக்கு வெளியாருக்கும் விடத் தொடங்கிய மண்டபம், இன்ன வெளியாருக்கு மட்டும் இல்லை என்று சொல்லும்போது சங்கம் என்ற போர்வை விலகி அம்பேத்கர் சொன்ன கடை தெரிய ஆரம்பிக்கிறது. அரசு நிதியில் கட்டிய சமுதாய நலக்கூடமானால் விவாதமே இல்லை.

மறுக்கப்பட்டவர்கள் முதலில் செய்யவேண்டியது சண்டை அன்று. எந்தத் தேதிக்குக் கேட்டோம், என்ன காரணம் சொன்னார்கள் என்பதை எழுத்தில் வாங்குவது, முடியாவிட்டால் அலைபேசிச் செய்தியாகவாவது கேட்டு வைப்பது. அதே தேதிக்கு அந்த மண்டபம் பின்னர் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டதா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். வேலையை மறுத்தார்களா, மனிதரை மறுத்தார்களா என்று பின்னால் கேட்கும் அதிகாரியிடமும் நீதிபதியிடமும் பேசப்போவது அந்த இரண்டு சிறு தாள்கள்தாம்.